மாதக்கணக்கில் நின்ற கார் அடம்பிடித்தால்: மலைநாட்டு ஈரத்தில் எந்தக் குறிக்கு எங்கே பார்ப்பது

வெசாக் போயாவோடு சிவனொளிபாதமலைப் பருவகாலம் முடியும். அதே கையோடு மேற்குச் சரிவில் மழையும் இறங்கிவிடும். மஸ்கெலியா, நோர்வூட், ஹட்டன் பக்கம் பருவத்துக்கு ஹயர் ஓடும் கார்களில் பல அன்று ஷெட்டுக்குள் போனால், மார்கழியில் உந்துவப் போயாவுக்குத்தான் வெளியே தலைகாட்டும். கொழும்பில் வேலை செய்துகொண்டு ஊர் வீட்டில் காரை விட்டு வைத்திருப்பவர்களுக்கும் இதே பாடுதான். தீபாவளிக்கு வந்து ஆசையோடு சாவியைப் போட்டால் வண்டி அசையாது.

எங்கள் வீட்டில் நிற்பது கார்புரேட்டர் வைத்த பழைய ஜப்பான் கார். அப்பா பருவத்துக்கு ஓட்டியது. இப்போது வருடத்தில் ஆறேழு மாதம் நிற்கிறது. அதை மழைக்கு முன் படுக்க வைப்பதும் மழை விட்டதும் எழுப்புவதும் என் வேலை. செய்து செய்து எனக்குப் பிடிபட்டது இதுதான்: நம் பக்கம் நிற்கிற காரைக் கெடுப்பது ஈரம். வட்டவளையில் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. ஹட்டனில் ஆடி மாதம் காயப்போட்ட துணி மூன்று நாளானாலும் காயாது. அதே காற்றுதான் பிரேக் டிரம்முக்குள்ளும் கிளச்சுக்குள்ளும் பெற்றோல் டேங்கிக்குள்ளும் மாதக்கணக்கில் அடைந்து கிடக்கிறது. எந்தக் குறி தெரிந்தாலும், "ஈரம் எந்த வழியாக நுழைந்தது?" என்று முதலில் தேடுங்கள்.

பதுளை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கத்தவர்கள் மாதங்களை மாற்றிக்கொள்ளுங்கள். ஆடி ஆவணியில் உங்களுக்குக் கச்சான் காற்று காய்ச்சி எடுக்கும். ஐப்பசிக்கு மேல்தான் மழை. மற்றபடி குறிகள் ஒன்றுதான்.

சாவியைத் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டியவற்றை முதலில் எழுதுகிறேன். ரோட்டில் இறங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை பின்னால் வரும்.

போனட்டுக்குள் சருகு, சாக்கு நூல், எலிப் புழுக்கை

இதைக் கண்டால் சாவியைப் போடாதீர்கள். எலி கூடு கட்டும் இடங்கள் பெரும்பாலும் ஏர் ஃபில்டர் பெட்டியும் பெட்டரியின் மேற்பகுதியும்தான். பெட்டியைத் திறந்து ஃபில்டரைத் தூக்கிப் பாருங்கள். பிறகு டோர்ச் அடித்து, வயர்க் கட்டுகள் ஒவ்வொன்றையும் விரலால் தடவிக்கொண்டே போங்கள். கடித்த இடத்தில் விரலுக்குச் செம்புக் கம்பி தட்டும். பெற்றோல் குழாயையும் எலி விடாது. பெற்றோல் வாடை லேசாக வந்தாலும் குழாயை மாற்றும் வரை பெட்டரி வயரை மாட்டக்கூடாது.

கையுறை இல்லாமல் கை வைக்காதீர்கள். எலியின் சிறுநீரிலிருந்துதான் எலிக்காய்ச்சல் வருகிறது. கையில் சின்னக் கீறல் இருந்தாலே கிருமிக்குப் போதும். கூட்டைக் காய்ந்தபடி கூட்டித் தள்ளாமல், கிருமிநாசினி கலந்த தண்ணீர் தெளித்து ஊற வைத்து அள்ளுங்கள்.

சக்கர வளைவுக்குள் கை விடும் முன் குளவி இருக்கிறதா என்று தள்ளி நின்று பாருங்கள். தோட்டத்து ஆட்களுக்குக் குளவியைப் பற்றி நான் சொல்லித் தரத் தேவையில்லை. சைலன்சர் குழாயின் வாயில் மண்கூடு கட்டியிருந்தால் குச்சியால் குத்தி எடுத்துவிட வேண்டும்.

கதவைத் திறந்ததும் பூஞ்சண வாடை, சீட்டில் சாம்பல் நிறப் புள்ளி

வாசனைத் திரவம் அடிப்பதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. காலடி விரிப்பைத் தூக்கி, அதற்கு அடியில் இருக்கும் பஞ்சை அழுத்துங்கள். கையில் தண்ணீர் கசிந்தால், அது உள்ளே வந்த வழியை அடைக்கும் வரை பூஞ்சணம் திரும்பத் திரும்ப வரும்.

என் காரில் அந்த வழி முன் கண்ணாடிக்குக் கீழே இருந்தது. வைப்பருக்கு அடியில் ஒரு கிராதி இருக்கும். அதற்குள் விழும் மழைத்தண்ணீர் இரண்டு பக்கமும் ஓட்டை வழியாக முன் சக்கரத்துக்குப் பின்னால் வெளியேற வேண்டும். எங்கள் ஷெட்டுக்கு மேலே சவுக்கு மரம் நிற்கிறது. சீப்புப் பல் போன்ற அதன் காய்ந்த இலை அந்த ஓட்டையில் விழுந்து மட்கி, தேயிலைச் சக்கை மாதிரிக் கருப்பாக அடைத்திருந்தது. ஒரு கோப்பைத் தண்ணீரைக் கிராதியில் ஊற்றினேன். வெளியே ஒரு சொட்டுக்கூட விழவில்லை. அரை நிமிடத்தில் உள்ளே, சாரதியின் காலடியில், 'சொட் சொட்' என்று கேட்டது. வளைந்த கம்பியால் இழுத்து எடுத்தபோது இரண்டு கை நிறையச் சக்கை வந்தது. உங்கள் காரிலும் இந்த ஒரு கோப்பைத் தண்ணீர்ச் சோதனையைச் செய்து பாருங்கள். கதவின் அடிவிளிம்பில் இருக்கும் சின்ன ஓட்டைகளையும் குத்திவிடுங்கள். அவை அடைத்தால் கதவின் அடித்தகடு உள்ளிருந்தே துருப்பிடித்துவிடும்.

வெயில் அடிக்கும் நாள் பார்த்து நான்கு கதவையும் திறந்து, விரிப்புகளை வெளியே எடுத்துப் போடுங்கள். வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு பூஞ்சணத்தைத் தூரிகையால் வெளிப்பக்கமாகத் தட்டுங்கள். பிறகு வினாகிரியும் தண்ணீரும் சரிக்குச் சரி கலந்து துடைத்துக் காயவிடுங்கள். சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்துப் பார்ப்பது முக்கியம். சுருண்ட பாகத்தில்தான் பூஞ்சணம் ஒளிந்திருக்கும்.

இந்த இடத்தில் படங்கைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மழைக்குப் பயந்து காரைப் படங்கால் இறுக்கிச் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டுகிறார்கள். அக்கறையோடு செய்கிற அந்த வேலைதான் காரைக் கெடுக்கிறது. மண்தரையிலிருந்து எழும்பும் ஆவி படங்குக்குள் அடைபட்டு, இரவுக் குளிரில் தகட்டின் மேல் தண்ணீராகப் படிகிறது. பகலில் காய வழியில்லை. கூரைக்குள் நிற்கும் காருக்குத் தூசி படாமல் ஒரு பழைய பருத்தித் துணி போதும். கூரை இல்லாவிட்டால் நான்கு கம்பு நட்டு, படங்கைக் காரைத் தொடாமல் ஓர் அடி உயரத்தில் கூரையாகக் கட்டுங்கள். பக்கங்கள் திறந்திருக்கட்டும், காற்று உள்ளே வந்து போகட்டும்.

சாவியைத் திருப்பினால் 'டக்' மட்டும், அல்லது அதுவும் இல்லை

முதலில் பெட்டரி முனைகளைப் பாருங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால், அப்பச்சோடாவைச் சுடுதண்ணீரில் கரைத்துப் பழைய பல்தூரிகையால் தேயுங்கள். கரைசல் பெட்டரியின் மூடி வழியாக உள்ளே போய்விடக் கூடாது. துடைத்து, மாட்டி, மேலே வாஸ்லின் பூசுங்கள்.

முனை சுத்தமாக இருந்தும் அதே சத்தம் என்றால் மீற்றர் வைத்துப் பாருங்கள். ஓய்வில் இருக்கும் நல்ல பெட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12.0க்குக் கீழே மாதக்கணக்கில் கிடந்தால் தகட்டில் சல்பேற் இறுகி, பெட்டரி பழைய பலத்துக்குத் திரும்பாது. சார்ஜ் ஏற்றி ஒரு நாள் வைத்த பிறகும் 10.5 பக்கம் நின்றால் ஒரு செல் போய்விட்டது. புதிது வாங்குவதைத் தவிர வழியில்லை.

நிற்கிற கார் பெட்டரியைத் தின்பது எப்படி என்று பலர் கேட்கிறார்கள். அலாரம், மணிக்கூடு, ரேடியோவின் ஞாபகம் எல்லாம் சேர்ந்து 50 மில்லி அம்பியர் இழுப்பதாக வையுங்கள். ஒரு நாளைக்கு 1.2 அம்பியர் மணி. 45 அம்பியர் மணிப் பெட்டரி 19 நாளில் பாதியாகிவிடும். ஆகவே நிறுத்தும்போதே நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட வேண்டும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

வேறு காரிலிருந்து வயர் கொடுப்பதானால், சிவப்பு வயரைச் செத்த பெட்டரியின் பொசிட்டிவிலும் நல்ல பெட்டரியின் பொசிட்டிவிலும் மாட்டுங்கள். கறுப்பு வயரை நல்ல பெட்டரியின் நெகட்டிவில் மாட்டி, மற்ற முனையைச் செத்த காரின் என்ஜின் இரும்பில், பெட்டரிக்குத் தள்ளி வையுங்கள். கடைசியாக மாட்டும் இடத்தில் பொறி பறக்கும். பெட்டரிக்குப் பக்கத்தில் ஹைட்ரஜன் வாயு இருக்கக்கூடும்.

நம் ஊரில் எல்லோரும் செய்வது, சரிவில் உருட்டி ஸ்டாட் எடுப்பது. ஆறு மாதம் நின்ற காரை மட்டும் தயவுசெய்து அப்படி உருட்டாதீர்கள். என்ஜின் ஓடாதபோது, மிதிக்கும் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் பிரேக் பூஸ்டருக்கு உறிஞ்சல் கிடையாது, மிதி கல்லாக இறுகிவிடும். பவர் ஸ்டியரிங் இருந்தால் அதுவும் கனத்துவிடும். அந்த பிரேக் பிடிக்குமா என்பதையே நீங்கள் இன்னும் பார்க்கவில்லை.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை

பெற்றோலை மோந்து பாருங்கள். நல்ல பெற்றோலின் சுள்ளென்ற வாடை போய், வார்னிஷ் மாதிரி அடித்தால் அது கெட்டுவிட்டது. லேசான பாகம் ஆவியாகிப் போய், மிச்சம் பிசினாகிறது. 2022இல் பெற்றோல் வரிசை நாட்களில் எங்கள் கார் நான்கு மாதம் அசையவில்லை, டேங்கியில் அடியில் மட்டும் கொஞ்சம் இருந்தது. வரிசையில் நின்று கிடைத்த பெற்றோலை அதன் மேலேயே ஊற்றினேன். கார் பிடிக்கவில்லை. பிறகு கார்புரேட்டரின் அடித்திருகைக் கழற்றி, வந்ததை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். மேலே மஞ்சளாகப் பெற்றோல், கீழே கொஞ்சம் தெளிந்த தண்ணீர், நடுவே நூல் பிடித்தது போல ஒரு கோடு. வெற்று டேங்கிக்குள் இருந்த காற்றின் ஈரம்தான் குளிரில் தண்ணீராகி அடியில் நின்றது. டேங்கியை முழுதாக வடித்து, கார்புரேட்டரைக் கழுவிய பிறகுதான் பிடித்தது. அன்றிலிருந்து டேங்கியை நிரப்பாமல் காரை நிறுத்துவதில்லை. காற்றுக்கு இடமில்லாவிட்டால் ஈரத்துக்கும் இடமில்லை.

பெற்றோல் சரி என்றால் பழைய கார்களில் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்டிரிபியூட்டரின் மூடியைக் கழற்றி உட்பக்கத்தை உலர்ந்த துணியால் துடையுங்கள். மூடுபனிக் காலையில் இது ஒன்றே போதுமாக இருக்கும். இருட்டில் ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லிப் பாருங்கள். பிளக் வயரின் மேல் நீலமாக மின்னினால் அந்த வயர் கசிகிறது. இன்ஜெக்டர் வைத்த காரில் சாவியை 'ஒன்' வரை திருப்பினால் பின்சீட்டுப் பக்கம் இரண்டு மூன்று நொடி 'ம்ம்' என்று பம்ப் ஓடும் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஃபியூஸ், ரிலே, பம்ப் என்ற வரிசையில் போங்கள். டீசல் வண்டியில் ஃபில்டரின் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு இருக்கும், அதைத் திறந்து வடியுங்கள்.

ஒயில் மூடியின் உட்பக்கம் பால் போல வெள்ளைப் பசை

இதைப் பார்த்ததும், என்ஜினுக்குள் தண்ணீரையும் ஒயிலையும் பிரித்து வைக்கும் ஹெட் காஸ்கட் போய்விட்டதென்று என்ஜினைக் கழற்ற விடாதீர்கள். அநியாயச் செலவாகும். முதலில் ஒயில் கம்பியை எடுத்துப் பாருங்கள். கம்பியில் ஒயில் தெளிவாக இருந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறையாமல் இருந்தால், மூடியில் இருப்பது வெறும் ஈரம். கம்பியிலும் பால் தெரிந்து, ரேடியேட்டரும் குறைந்து, சைலன்சரில் வெள்ளைப் புகை சூடேறிய பிறகும் நிற்காமல் வந்தால்தான் காஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

அந்த ஈரம் வருவது பெரும்பாலும் நாம் நல்லதென்று நினைத்துச் செய்யும் ஒரு பழக்கத்தால். கிழமைக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டாட் பண்ணி வைக்கச் சொல்லி வீட்டில் ஆள் வைப்பார்கள். பெற்றோல் எரியும்போது தண்ணீர் ஆவி உண்டாகிறது. என்ஜின் நன்றாகச் சூடேறினால் அது வெளியே போய்விடும். ஐந்து நிமிடத்தில் சூடேறாது, ஆவி ஒயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடும். செல்ஃப் இழுத்த மின்சாரமும் பெட்டரிக்குத் திரும்பிவராது. ஓட்டுவதானால் அரைமணி நேரம் ரோட்டில் ஓட்டுங்கள். அது முடியாவிட்டால் ஸ்டாட் பண்ணாமலே விடுவது மேல்.

கிளச்சை முழுக்க மிதித்தும் கியர் 'கர்ர்' என்கிறது

கிளச் பிளேட் ஃப்ளைவீலோடு துருவால் ஒட்டியிருக்கிறது. என்ஜினைச் சூடேறும் வரை ஓடவிட்டு நிறுத்துங்கள். மிதியை அழுத்தி, மிதிக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து ஓர் இரவு விடுங்கள். பல நேரம் காலையில் விட்டிருக்கும். விடாவிட்டால் சமதரை மைதானத்துக்குத் தள்ளிக்கொண்டு போய், முன்னால் யாரும் இல்லை என்று உறுதி செய்து, கிளச்சை மிதித்தபடி இரண்டாம் கியரில் ஸ்டாட் எடுத்து, மிதியை விடாமல் ஆக்ஸிலேட்டரை அழுத்தி அழுத்தி விடுங்கள். அந்த உதறலில் பிரியும். பிரேக் பிடிக்கிறதென்று தெரியாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

என்ஜின் ஓடுகிறது, கியர் விழுகிறது, கார் நகரவில்லை

இது நானே தேடிக்கொண்ட வினை. ஒரு வைகாசியில் பழக்கத்தில் ஹேன்ட் பிரேக்கை இழுத்துவிட்டுப் போய்விட்டேன். மார்கழியில் எடுத்தபோது பின்பக்கம் குந்தியதே தவிர உருளவில்லை. இன்னும் முறுக்கினேன். அப்பா மெக்கானிக் பாஸைக் கூட்டி வந்தார். அவர் ஜன்னலுக்குள் கையை விட்டு என்ஜினை நிறுத்தி, "முறுக்காத தம்பி, லைனர் பேந்து போகும்" என்றார். சமதரையில் முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றினார். ஒரு பலகைத் துண்டை டிரம்மில் வைத்துச் சுற்றிச் சுற்றி மெதுவாகத் தட்டினார். பிறகு டிரம்மில் இருந்த இரண்டு மரை ஓட்டைகளில் 8 மில்லிமீற்றர் போல்ட்டை மாறி மாறித் திருக, டிரம் முனகிக்கொண்டு வெளியே வந்தது. உள்ளே லைனரின், அதாவது டிரம்மை உரசிப் பிடிக்கும் பட்டையின், அகலத்துக்கு அச்சாகத் துரு. ஒரு லைனர் பிரேக் சப்பாத்திலிருந்து பிரிந்து டிரம்மோடேயே ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. நான் முறுக்கிய முறுக்குத்தான்.

அதனால்தான் சொல்கிறேன்: கார் எப்படியோ விட்டுக்கொண்டு ஓடத் தொடங்கினாலும் டிரம்மைத் திறந்து பார்க்காமல் சரிவில் இறங்காதீர்கள். பிரிந்த லைனர் உள்ளேயே உருண்டுகொண்டிருக்கும். பழைய லைனர்களில் கல்நார் இருக்கலாம், தூசியை ஊதாமல் ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். நெம்புகோல் இறங்கியும் சக்கரம் இறுகியே இருந்தால், டிரம்மைத் திறக்கும் முன் காருக்கு அடியில் கேபிளைப் பாருங்கள். உறைக்குள் துருப்பிடித்து அது திரும்பாமல் நின்றிருக்கும்.

பிரேக் மிதி மெல்ல இறங்குகிறது, அல்லது பஞ்சு மாதிரி இருக்கிறது

மற்ற எல்லாம் காரை நிறுத்தி வைக்கும் கோளாறு. இது ஆளைக் கொல்லும் கோளாறு.

கார் நகரும் முன்னரே சோதியுங்கள். என்ஜின் ஓடும்போது மிதியை அழுத்தி அரை நிமிடம் பிடியுங்கள். கால் மெல்லக் கீழே போனால் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் போயிருக்கலாம், அல்லது எங்கோ ஒழுகுகிறது. நான்கு சக்கரங்களின் உட்பக்கத்தையும் விரலால் தடவி ஈரம் பாருங்கள். பஞ்சு மாதிரி அமுங்கி, திரும்பத் திரும்ப மிதிக்க மேலே வந்தால் உள்ளே காற்று. மரக்கட்டை மாதிரி இறுகினால் பூஸ்டருக்குப் போகும் குழாய் வெடித்திருக்கும், அல்லது எலி கடித்திருக்கும்.

இவை எதுவும் இல்லாமலும் பிரேக் ஒயில் ஆளை ஏமாற்றும். அது காற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சும். டொட் 3, டொட் 4 என்பவை பிரேக் ஒயிலின் தரங்கள். டொட் 4 ஒயில் புதிதில் 230 பாகை செல்சியஸில் கொதிக்க வேண்டும். நூற்றுக்கு நான்கு பங்குக்குக் கிட்ட தண்ணீர் சேர்ந்தால் அளவு 155க்கு இறங்கலாம். டொட் 3 என்றால் 205, ஈரம் சேர்ந்தால் 140. ஊருக்குள் ஓடும்போது வித்தியாசம் தெரியாது. நுவரெலியாவிலிருந்து றம்பொடை வளைவுகளில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும்போது டிரம் சூடேறி, ஒயிலில் இருக்கும் தண்ணீர் ஆவியாகி, மிதி தரையைத் தொடும். ஆவி அமுங்கும், ஒயில் அமுங்காது. நிற்கிற கார் ஓடவில்லையே என்று ஒயிலை மாற்றாமல் விடாதீர்கள். ஓடினாலும் நின்றாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். இரண்டாம் கியரில் இறங்குங்கள்.

முதல் ஓட்டம் வீட்டு முற்றத்தில், நடக்கிற வேகத்தில், ஐந்தாறு தடவை நிறுத்திப் பார்ப்பது. டிஸ்கில் படிந்த மேல்துரு மெதுவாகப் பிடிக்கப் பிடிக்கத் தேய்ந்துவிடும், முதல் சில நிமிடக் கரகரப்புக்குப் பயப்பட வேண்டாம். ஹட்டன் ஆட்கள் அடுத்ததாகக் கொட்டகலை வரை போய் வாருங்கள். கினிகத்தேனைப் பக்கம் முதல் நாளே இறங்க வேண்டாம்.

சின்னச் சின்னவை

ஸ்டியரிங்கில் தடதடப்பு இருந்து பத்து கிலோமீற்றருக்குள் குறைந்தால், நின்று தட்டையான டயர் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிட்டது. குறையாவிட்டால் டயரைக் காட்டுங்கள். பக்கச்சுவரில் வெடிப்பு இருந்தாலும் அப்படியே. அங்கே நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. பெல்ட் காலையில் கீச்சிட்டு நின்றுவிட்டால் ஈரம்தான். வைப்பர் ரப்பர் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் பிய்க்காமல் தண்ணீர் ஊற்றி எடுங்கள். ரேடியேட்டரில் செங்கல் நிறத் தண்ணீர் வந்தால், வெறும் ஊற்றுத் தண்ணீர் ஊற்றி ஓட்டிய பலன். கழுவி, கூலன்ட் போடுங்கள். ரோட்டில் ஏறும் முன் வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைச் சான்றிதழ் திகதிகளையும் பாருங்கள்.

மறுபடி வைகாசி வரும்போது

கடைசி நாள் அரைமணி நேரம் ஓட்டிச் சூடேற்றி, டேங்கியை நிரப்பி வருகிறேன். ஒயில் பழையதென்றால் நிறுத்தும் முன்பே மாற்றுகிறேன், அழுக்கு ஒயிலின் அமிலம் உள்ளே இருந்து அரிக்கும். அடிப்பக்கச் சேற்றைக் கழுவி, இரண்டு வெயிலில் காயவிட்டு ஷெட்டுக்குள் ஏற்றுகிறேன். டயருக்கு வழக்கத்தைவிட ஐந்து பி.எஸ்.ஐ. கூடுதல் காற்று. மண்தரையில் ஒரு படங்கு விரிப்பு, காருக்கு மேலே பருத்தித் துணி. ஜன்னல் விரல் அகலத்துக்குத் திறந்து, அந்த இடைவெளியில் கொசுவலைக் கம்பி. சைலன்சர் வாயிலும் அதே கம்பிவலை. உள்ளே இரண்டு தாச்சியில் அடுப்புக்கரி. முதல் கியர், நான்கு சக்கரத்துக்கும் கட்டை, ஹேன்ட் பிரேக் விடுதலை. நெகட்டிவ் வயர் கழற்றி, பெட்டரியை வீட்டுக்குள் கொண்டுவந்து மாதம் ஒருமுறை சார்ஜ். இரண்டு கிழமைக்கு ஒருமுறை வீட்டில் யாராவது போய்க் கிளச்சையும் பிரேக்கையும் பத்துத் தடவை மிதித்துவிட்டு, நல்ல வெயிலென்றால் கதவுகளை மத்தியானம் வரை திறந்து வைக்கிறார்கள்.

ஆறு மாதத்தில் எனக்கே மறந்துவிடும் என்பதால் ஓர் அட்டையில் பெரிதாக எழுதி ஸ்டியரிங்கில் நூலால் கட்டிவிடுகிறேன்: "சைலன்சரில் வலை. சக்கரத்தில் கட்டை. ஹேன்ட் பிரேக் போடவில்லை. முதல் கியரில் நிற்கிறது. பிரேக் பார்க்காமல் எடுக்காதே."